திரையை மூடிவிட்டு எந்தக் கைவேலையை எடுப்பது?

எழுத்து, வரைகலை, கட்டட வடிவமைப்பு, மென்பொருள், ஆசிரியர் வேலை என்று எந்தத் துறையை எடுத்தாலும் யோசனை வற்றிப்போகிற காலம் ஒன்று வரும். அப்போது நாலு பேரிடம் கேட்டால் நாலு பேரும் ஒன்றையே சொல்வார்கள்: கம்ப்யூட்டரை மூடு, கையால் ஏதாவது செய். சரியான அறிவுரைதான். ஆனால் எதைச் செய்வது என்று கேட்டால் பதில் இருக்காது. களிமண் பிசைவது, பொத்தான் தைப்பது, ஓடாத கடிகாரத்தைக் கழற்றுவது, நோட்டில் கிறுக்குவது எல்லாம் கைவேலைதான். ஆனால் இவை யோசனைக்குச் செய்யும் உதவி ஒன்றல்ல. தவறானதை எடுத்தால் ஒரு மாலைப் பொழுது இனிமையாகக் கழியும், பிரச்சினை மட்டும் மறுநாளும் அங்கேயே நிற்கும்.

நான் இவற்றை இரண்டாகப் பிரித்துப் பார்க்கிறேன். ஒரு வகையில், உங்களை மறித்து நிற்கும் பிரச்சினையே கைக்கு வந்துவிடுகிறது. அதை அட்டையில் வெட்டுகிறீர்கள், மண்ணில் பிடிக்கிறீர்கள், நூலில் கட்டித் தொங்கவிடுகிறீர்கள். இன்னொரு வகையில் பிரச்சினை கைக்கு வருவதே இல்லை. கை துணி மடித்துக்கொண்டோ களை பறித்துக்கொண்டோ இருக்கும். பிரச்சினை மனதின் ஓரத்தில் ஊறிக்கொண்டிருக்கும். இரண்டிலும் நல்லது நடக்கிறது. ஒன்று கேட்கப்படும் இடத்தில் இன்னொன்றை வைத்தால்தான் ஏமாற்றம்.

எது எப்போது என்று பார்ப்பதற்கு முன், திரையை ஏன் மூட வேண்டும் என்பதைச் சொல்லிவிடுகிறேன். கண் எரிச்சலும் சோர்வும் சின்ன காரணங்கள். பெரிய காரணம், திரை நமக்கு முதலில் காட்டுவது பிறருடைய விடைகளை. டேவிட் ஜேன்சன், ஸ்டீவன் ஸ்மித் என்ற இருவர் 1991-இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். வடிவமைப்புப் பணிகளைக் கொடுத்து, ஒரு குழுவுக்கு மட்டும் கூடவே ஒரு மாதிரிப் படத்தையும் காட்டினார்கள். ஒரு பணி, சிந்தாத காபிக் கோப்பையை வடிவமைப்பது. அதில் உறிஞ்சுகுழல் கூடாது என்று தெளிவாகச் சொல்லியிருந்தார்கள். மாதிரிப் படத்தில் மட்டும் உறிஞ்சுகுழல் இருந்தது. படத்தைப் பார்த்தவர்களில், பார்க்காதவர்களைவிட அதிகம் பேர் தடையைத் தாண்டி உறிஞ்சுகுழலையே வரைந்தார்கள். குறையுள்ள மாதிரி என்றாலும் ஒருமுறை கண்ணில் பட்டுவிட்டால் கை அதன் பக்கமே போகிறது.

இப்போது நம் வழக்கத்தை நினைத்துப் பாருங்கள். ஒரு வேலையைத் தொடங்கும்போதே ‘இதுபோல வேறு என்ன இருக்கிறது’ என்று தேடி நாற்பது ஐம்பது படங்களைப் பார்த்துவிட்டுத்தான் உட்காருகிறோம். அதற்குப் பிறகு வரும் யோசனை புதிதாக இல்லையே என்று வருந்துகிறோம். தேடுவது தவறில்லை, வரிசைதான் தவறு. முதலில் கை, அப்புறம் தேடல். கீழே சொல்லப்போகும் எந்த வழியை எடுத்தாலும் இந்த வரிசையை மாற்றாதீர்கள்.

போனைப் பற்றியும் ஒரு வார்த்தை. 2017-இல் டெக்சாஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், போன் பக்கத்தில் சும்மா இருந்தாலே கவனத்தின் ஒரு பங்கை அது எடுத்துக்கொள்கிறது என்றும், வேறு அறையில் வைத்தவர்கள் நன்றாகச் செய்தார்கள் என்றும் எழுதினார்கள். பின்னால் அதைத் திரும்பச் செய்த எல்லோருக்கும் அதே முடிவு கிடைக்கவில்லை. அறிவியல் எப்படித் தீர்ந்தாலும் நடைமுறை எளிது: கை ஈரமாகவோ மண்ணாகவோ இருக்கும் வேலையில் போனை எடுக்கவே முடியாது. மன உறுதியை நம்புவதைவிட ஈரக் கையை நம்பலாம். வழிகளை ஒப்பிடும்போது நான் இதற்கும் மதிப்பெண் தருகிறேன்.

அட்டை, கத்தரிக்கோல், ஒட்டுநாடா

முதல் வகையில் எனக்கு மிகவும் பிடித்தது இதுதான். அதனால் இதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே பேசுகிறேன்.

1953 பிப்ரவரிக் கடைசியில் கேம்பிரிட்ஜில் ஜேம்ஸ் வாட்சன் டி.என்.ஏ. அமைப்பின் ஒரு முடிச்சில் நின்றுகொண்டிருந்தார். அதிலுள்ள காரங்கள் என்ற நான்கு வேதிப் பகுதிகளும் எப்படி ஜோடி சேர்கின்றன என்பது பிடிபடவில்லை. பட்டறையில் செய்யச் சொல்லியிருந்த உலோக வடிவங்கள் வந்து சேரவில்லை. பொறுக்க முடியாமல் அவற்றைத் தடித்த அட்டையில் வெட்டி மேசைமேல் பரப்பி நகர்த்திப் பார்த்தார். அடினினும் தைமினும் சேர்ந்த ஜோடியும், குவானினும் சைட்டோசினும் சேர்ந்த ஜோடியும் ஒரே வடிவத்தில் அமைவது அப்போதுதான் தெரிந்தது. அட்டை மட்டும் இதைச் செய்துவிடவில்லை. ரோசலிண்ட் ஃபிராங்க்ளினின் எக்ஸ்-கதிர்த் தரவுகள் இருந்தன. பாடப்புத்தகங்களில் இருந்த காரங்களின் வடிவம் சரியில்லை என்று வேதியியலாளர் ஜெர்ரி டோனஹ்யூ சற்று முன்புதான் திருத்தியிருந்தார். தெரிந்த விவரங்கள் எல்லாம் தலைக்குள் இருந்தன. அவற்றை இடம் மாற்றி வைத்துப் பார்க்க ஒரு மேசை தேவைப்பட்டது, அவ்வளவுதான்.

அதற்குச் சில ஆண்டுகள் முன்னால், 1948-இல், ஆக்ஸ்ஃபோர்டில் ஜலதோஷத்தோடு படுத்திருந்த வேதியியலாளர் லைனஸ் பாலிங் ஒரு தாளில் புரதச் சங்கிலியை நீளமாக வரைந்தார். எங்கெங்கே சங்கிலி திரும்பலாமோ அங்கங்கே தாளை மடித்துக்கொண்டே போனார். சுருள் ஒன்று உருவானது. ஆல்ஃபா ஹெலிக்ஸ் என்று இன்று எல்லா உயிரியல் பாடத்திலும் இருக்கும் அமைப்பு அது, 1951-இல் வெளியானது. இன்னும் பின்னால் போனால் 1899. சைக்கிள் கடையில் நின்று பேசிக்கொண்டிருந்த வில்பர் ரைட் கையில் டயர் ட்யூப் வந்த காலி அட்டைப்பெட்டி. பேச்சின் நடுவே அதன் இரு முனைகளையும் எதிரெதிராக முறுக்கிக்கொண்டிருந்தார். விமானத்தின் இறக்கையையும் இப்படி முறுக்கினால் இடம் வலம் சாய்வதைக் கட்டுப்படுத்தலாமே என்று பட்டது. ரைட் சகோதரர்களின் விமானக் கட்டுப்பாட்டு முறை அங்கே தொடங்கியது.

மூன்றிலும் பொதுவாக இருப்பதைப் பாருங்கள். பொருள் மலிவு, கெட்டுப்போனால் வருத்தமில்லை, செய்து முடிக்கச் சில நிமிடம் போதும். திரையில் ஒரு வடிவத்தைத் திருப்ப வேண்டுமென்றால் அதற்கான பொத்தானை யாரோ ஒருவர் முன்பே வைத்திருக்க வேண்டும். அட்டையை எப்படி வேண்டுமானாலும் முறுக்கலாம். நீங்கள் நினைக்காத திசையிலும் அது திரும்பிக்கொள்ளும். அந்தத் தற்செயல்தான் நமக்கு வேண்டியது.

ஆக, உங்கள் பிரச்சினையில் எதன் பக்கத்தில் எது வர வேண்டும், எது எதற்குள் பொருந்த வேண்டும் என்ற கேள்வி இருந்தால் அட்டையை எடுங்கள். வடிவமைப்பாளர்களுக்கு இது சொல்லித் தெரிய வேண்டியதில்லை. மற்றவர்களுக்கும் இது பொருந்தும் என்பதுதான் என் அனுபவம். கதை எழுதுபவர் கதை நடக்கும் வீட்டை அட்டையில் கட்டிப் பார்த்தால், சமையலறையில் நிற்பவருக்குக் கூடத்தில் பேசுவது கேட்குமா என்ற கேள்வி தானாக வரும். அதிலிருந்து ஒரு காட்சியே பிறக்கும். செயலி உருவாக்குபவர் ஒவ்வொரு பக்கத்தையும் ஓர் அட்டையாக வெட்டி இன்னொருவர் கையில் கொடுத்தால், அவர் விரல் எங்கே தயங்குகிறது என்பது உடனே தெரியும்.

செய்முறையில் சில விஷயங்கள். பசை வேண்டாம், ஒட்டுநாடா போதும். பசை காய்ந்துவிட்டால் பிரிக்க மனம் வராது. முதல் வடிவத்துக்கு அளவுகோல் வேண்டாம். ஒன்றைச் செய்து அழகுபடுத்துவதைவிட மூன்றைச் செய்து பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். நல்ல அட்டை வாங்கப் போகாதீர்கள். பார்சல் வந்த பெட்டிதான் நல்லது, அதை வெட்டக் கை கூசாது.

இதன் குறை: கை காய்ந்து இருக்கும், போன் எட்டும் தூரத்தில் இருக்கும். அதோடு, பிரச்சினைக்கு வடிவமே இன்னும் வராதபோது அட்டையில் வெட்டுவதற்கு எதுவும் இருக்காது. அப்படி உட்கார்ந்தால் கைதான் வலிக்கும்.

மண், மரம், நூல்

அட்டை நாம் சொன்னபடி கேட்கும். மண்ணும் மரமும் நூலும் அப்படிக் கேட்பதில்லை. அவற்றுக்குச் சொந்தக் குணம் உண்டு, எதிர்த்துப் பேசும். யோசனை இல்லாமல் இருப்பவரைவிட, ஒரே மாதிரி யோசனையில் சுற்றிக்கொண்டிருப்பவருக்கு இந்த எதிர்ப்பு தேவை.

பார்சிலோனா பக்கத்தில் கொலோனியா குயெல் தேவாலயத்துக்காகக் கட்டடக் கலைஞர் அந்தோனி காடி செய்ததை எடுத்துக்கொள்வோம். வளைவுகளை வரைந்து கணக்குப் போடுவதற்குப் பதிலாக, கயிறுகளைத் தொங்கவிட்டார். ஒவ்வொன்றிலும் ஈயக் குண்டுகள் நிரப்பிய சின்னச் சின்னப் பைகளைக் கட்டினார். எடைக்கு ஏற்பக் கயிறு தானே ஒரு வளைவை எடுத்துக்கொண்டது. அதைப் படம் எடுத்துத் தலைகீழாகப் பார்த்தால் கல்லில் நிற்க வேண்டிய வளைவு. ஒரு பையை மாற்றினால் எல்லாக் கயிறும் நகரும். இந்த மாதிரியிலேயே ஏறக்குறைய 10 ஆண்டுகள் போயின. தேவாலயம் முழுதாகக் கட்டப்படவில்லை, நிலவறைப் பகுதியோடு நின்றது. ஆனாலும் அங்கே கற்றது அவருடைய புகழ்பெற்ற சாக்ரதா ஃபமிலியா தேவாலயத்துக்குப் போனது. வளைவை அவர் வரையவில்லை, கயிறுதான் கொடுத்தது. என்ன எடை, எங்கே கட்டுவது என்ற கேள்வி மட்டும் அவருடையது.

நூலில் அதற்கு இணையான ஒன்று 1997-இல் நடந்தது. கார்னெல் பல்கலைக்கழகத்தில் கணிதம் கற்பித்துவந்த டைனா டைமினா, ஹைப்பர்பாலிக் தளம் என்ற வளைந்த வடிவத்தை மாணவர்கள் தொட்டுப் பார்க்க ஏதாவது வேண்டும் என்று நினைத்தார். காகிதத்தில் செய்த மாதிரி இருந்தது, ஆனால் தொட்டால் கிழியும். குரோஷே ஊசியை எடுத்தார். ஒவ்வொரு வரிசையிலும் தையல்களை ஒரே விகிதத்தில் கூட்டிக்கொண்டே போனார். நூல் தானாகவே அலை அலையாகச் சுருண்டது. சின்ன விதி, திரும்பத் திரும்ப அதே விதி, எதிர்பார்க்காத உருவம். மென்பொருள் எழுதுபவர்களுக்கும் இசை அமைப்பவர்களுக்கும் நூல் வேலையை நான் சிபாரிசு செய்வது இதனால்தான்.

இந்த மூன்றுக்குள் எதை எடுப்பது? தவறு செய்யப் பயப்படுபவர் மண்ணை எடுக்கலாம். பிடிக்கவில்லையா, உருட்டிப் பந்தாக்கித் திரும்பத் தொடங்கலாம். ஈரம் இருக்கும்வரைதான் இது நடக்கும். காயத் தொடங்கிய மண் வளைத்தால் விரிசல் விடும். மறுநாளும் தொடர வேண்டுமென்றால் ஈரத்துணி சுற்றி வைக்க வேண்டும், அல்லது காயாத எண்ணெய்க் களிமண் வாங்கிக்கொள்ளலாம். சூளையைப் பற்றி யோசிக்கவே வேண்டாம். மண்ணைச் சுட 1000 டிகிரி செல்சியஸ் அளவுக்குச் சூடு வேண்டும், யோசனைக்கு அது தேவையே இல்லை. போன் விஷயத்தில் மண்ணுக்கு முழு மதிப்பெண்.

முடிவெடுக்க முடியாமல் பத்து வழிகளுக்கு நடுவே நிற்பவருக்கு மரம். வெட்டிய துண்டைத் திரும்ப ஒட்ட முடியாது. அதனால் ரம்பம் வைப்பதற்கு முன் ஒரு முடிவு எடுத்தே ஆக வேண்டும். மரத்தின் இழை ஓடும் திசைக்கு எதிராக இழைப்புளியைத் தள்ளினால் பிய்த்துக்கொண்டு வரும். திசை மாற்றிப் பிடித்தால் வழுக்கிக்கொண்டு போகும். பொருளைக் கவனித்து அதன்படி நடக்கும் பழக்கம் இதில் வருவதுபோல வேறு எதிலும் வருவதில்லை. ஆனால் மரவேலைக்கு இடம் வேண்டும், கூரான கருவி வேண்டும், சொல்லிக்கொடுக்க ஆள் வேண்டும். இந்த வாரமே ஒரு யோசனை வேண்டும் என்பவருக்கு இது ஆகாது.

நூலில் பிரிப்பதற்குச் சுதந்திரம் உண்டு, இழுத்தால் போதும், நூலும் வீணாகாது. பையில் போட்டுக்கொண்டு எங்கும் போகலாம். கையில் மாட்டியிருக்கும் வரிசையை நடுவில் விட்டால் நழுவிவிடும் என்பதால் போனை எடுக்க நினைத்தாலும் வரிசை முடியட்டும் என்று கை தாமதிக்கும்.

இதில் எதற்கும் வசதி இல்லை என்றால் பழைய செய்தித்தாள் போதும். பௌஹவுஸ் கலைப்பள்ளியில் 1920-களில் யோசெஃப் ஆல்பர்ஸ் மாணவர்களுக்குச் செய்தித்தாள்களைக் கொடுத்து, வீணாக்காமல் இதை வைத்து ஏதாவது செய்யுங்கள் என்று விட்டுவிடுவார். திரும்பி வந்து பார்த்தால் கோட்டை, படகு, முகமூடி என்று இருக்கும். அவற்றை வேறு பொருளில் இன்னும் நன்றாகச் செய்யலாமே என்பார். ஒரு மாணவர் தாளை மடித்து நிற்க மட்டும் வைத்திருந்தார். ஆல்பர்ஸ் பாராட்டியது அதை. படுத்துக்கிடக்கும் ஒரு மெல்லிய பொருள், மடிப்பினால் மட்டும் விறைப்பாக நிற்கிறது. தாளால் மட்டுமே முடிகிற காரியம் அது. இந்தப் பயிற்சியை யாரும் இன்று மாலையே செய்யலாம்.

நோட்டும் துண்டுச்சீட்டும்

பெரும்பாலானவர்கள் முதலில் எடுப்பது இது. நான் கடைசியில் வைப்பேன், குறிப்பாக எழுத்தே தொழிலாக உள்ளவர்களுக்கு. வார்த்தையில் மாட்டியவர் நோட்டுக்குப் போனால் மறுபடி வார்த்தைக்குத்தான் போகிறார்.

கையால் எழுதினால் நன்றாகப் புரியும் என்ற பேச்சு 2014-இல் பாம் முல்லர், டேனியல் ஒப்பன்ஹைமர் இருவரின் ஆய்வுக்குப் பிறகு பெரிதாகப் பரவியது. லேப்டாப்பில் குறிப்பு எடுத்தவர்கள் கேட்டதை அப்படியே தட்டிவிட்டார்கள். கையால் எழுதியவர்கள் சுருக்கி எழுதினார்கள், கருத்துக் கேள்விகளுக்கும் நன்றாகப் பதில் சொன்னார்கள். பின்னர் அதே சோதனையைத் திரும்பச் செய்தபோது, தட்டச்சு செய்பவர்கள் அப்படியே எழுதுவது உறுதியானது. தேர்வில் வித்தியாசம் உறுதியாகவில்லை. அதனால் நோட்டை மந்திரமாக நினைக்க வேண்டாம்.

துண்டுச்சீட்டு வேறு கதை. ஒரு சீட்டில் ஒரே எண்ணம் என்று எழுதித் தரையில் பரப்பினால் வார்த்தைகள் பொருளாகிவிடுகின்றன. எடுத்து இடம் மாற்றலாம். ஜெர்மன் சமூகவியலாளர் நிக்லாஸ் லூமன் ஏறத்தாழ 90,000 சீட்டுகளை இப்படிச் சேர்த்து, எண்ணிட்டு, ஒன்றிலிருந்து ஒன்றுக்கு வழி காட்டி வைத்திருந்தார். விஷயம் நிறைய இருக்கிறது, வரிசைதான் வரவில்லை என்பவருக்கு இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியாது. விஷயமே இல்லாதவருக்கு வெற்றுச் சீட்டு ஒன்றும் தராது.

கை பழகிய வேலை

இப்போது இரண்டாவது வகை. பாத்திரம் கழுவுவது, துணி மடிப்பது, களை பறிப்பது, பெருக்குவது, பழகிய பின்னல். இங்கே பிரச்சினையைத் தொடவே மாட்டோம்.

ஒரு கேள்வியைக் கொஞ்ச நேரம் தள்ளிவைத்துவிட்டுத் திரும்ப வந்தால் விடை எளிதாகிறதா என்பதைப் பல ஆய்வுகள் பார்த்திருக்கின்றன. உட் நா சியோ, தாமஸ் ஆர்மரோட் இருவரும் 2009-இல் அப்படிப்பட்ட 117 ஆய்வுகளை ஒன்றாக வைத்துப் பார்த்தார்கள். தள்ளிவைப்பதால் பலன் உண்டு. அதிலும் தள்ளிவைப்பதற்கு முன் அதிக நேரம் உழைத்தவர்களுக்குப் பலன் அதிகம். சில வகைப் பிரச்சினைகளில், இடைவெளியில் சும்மா இருப்பதைவிட, கவனத்தை அதிகம் கேட்காத லேசான வேலை செய்வது நல்லது.

இதிலிருந்து இரண்டு விஷயங்கள் வருகின்றன. இரண்டையும் பலர் கவனிப்பதில்லை. ஒன்று, பிரச்சினையோடு மல்லுக்கட்டாமல் நேரே பாத்திரம் கழுவப் போனால் பாத்திரம் சுத்தமாகும், அவ்வளவுதான். ஊறுவதற்கு உள்ளே ஏதாவது இருக்க வேண்டும். இரண்டு, புதிதாகக் கற்கும் கலை இந்த வேலைக்கு உதவாது. பின்னலைப் புதிதாகத் தொடங்கியவர் ஒவ்வொரு தையலையும் எண்ணிக்கொண்டிருப்பார்; பிரச்சினைக்கு இடமே இருக்காது. மனதை விட்டுவைக்க வேண்டும் என்றால் கைக்கு நன்றாகத் தெரிந்த, சலிப்பூட்டும் வேலைதான் வேண்டும். யோசனைக்காக ஒரு புதுக் கலை வகுப்பில் சேர்ந்துவிட்டு, அங்கே எதுவும் தோன்றவில்லை என்று வருந்துபவர்களுக்கு இதைத்தான் சொல்கிறேன். அந்த வகுப்பு முதல் வகைக்கு நல்லது, இதற்கு அல்ல.

இந்த வகையின் பெரிய நன்மை, தனியாக நேரம் ஒதுக்க வேண்டாம். எப்படியும் செய்ய வேண்டிய வேலை. ஈரக் கை, மண் கை, போன் தொலைவில். காதில் எதையும் மாட்டிக்கொள்ளாமல் இருக்க வேண்டும் என்பது மட்டும்தான் நிபந்தனை. யாரோ பேசுவதைக் கேட்டுக்கொண்டே செய்தால் லேசான வேலையும் லேசாக இருக்காது.

நடையை இதன் பக்கத்திலேயே வைக்கிறேன், கைக்கு அதில் வேலை இல்லை என்றாலும். 2014-இல் மாரிலி ஒப்பெசோ, டேனியல் ஷ்வார்ட்ஸ் இருவரும் ஸ்டான்ஃபோர்டில் செய்த சோதனையில், ஒரு பொருளுக்கு எத்தனை புதுப் பயன்கள் சொல்ல முடியும் என்பதில் நடந்தவர்கள் சராசரியாக 60 சதவீதம் முன்னேறினார்கள். வெற்றுச் சுவரைப் பார்த்தபடி டிரெட்மில்லில் நடந்தவர்களுக்கும் இது கிடைத்தது. ஒரே ஒரு சரியான விடையைக் கண்டுபிடிக்கும் கேள்வியில் நடை உதவவில்லை, சற்றுப் பின்தங்கினார்கள். நிறைய யோசனை வேண்டுமா, நடக்கலாம். வந்தவற்றில் எது நிற்கும் என்று பார்க்க மேசைக்குத் திரும்ப வேண்டும்.

பழுது பார்ப்பது

இது இரண்டு வகைக்கும் நடுவில் நிற்கிறது. எந்தக் கேள்வியும் இல்லாமல் முழுக்க வறண்டு போயிருப்பவருக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான். பழுதான பொருள் கேள்வியோடுதான் வருகிறது: ஏன் ஓடவில்லை? நீங்களாக எதையும் கற்பனை செய்ய வேண்டாம். ஒரு திருகைக் கழற்றினால் அடுத்த கேள்வி தானாக வரும். இன்னொருவர் எப்படி யோசித்துச் செய்தார் என்பதைப் படத்தில் பார்ப்பதற்கும் கையில் பிரித்துப் பார்ப்பதற்கும் பெரிய தூரம் இருக்கிறது. படம் முடிவை மட்டும் காட்டும். பிரித்த பொருள், அவர் எங்கே சமாளித்தார், எங்கே விட்டுக்கொடுத்தார் என்பதையும் காட்டும்.

ஜேம்ஸ் வாட் நீராவி எஞ்சினைக் கண்டுபிடித்தார் என்று பொதுவாகச் சொல்வார்கள். நடந்தது, 1763-64 குளிர்காலத்தில் கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தில் கருவி செய்பவராக இருந்த அவரிடம், முன்பே புழக்கத்தில் இருந்த நியூகோமன் நீராவி எஞ்சினின் ஒரு சின்ன மாதிரி பழுதுபார்க்க வந்தது. சரி செய்தார், ஆனாலும் சில சுற்றிலேயே நீராவி தீர்ந்துபோய் நின்றது. ஏன் இவ்வளவு நீராவி தின்கிறது? ஒவ்வொரு சுற்றிலும் உருளையைச் சூடாக்கி, மறுபடி குளிரவைத்து, மறுபடி சூடாக்குவதில் வெப்பமெல்லாம் போகிறது என்று சோதனைகள் செய்து கண்டுகொண்டார். அதற்கு மேல் வழி தெரியவில்லை. 1765-இல் ஒரு ஞாயிற்றுக்கிழமை கிளாஸ்கோ கிரீன் புல்வெளியில் நடந்துகொண்டிருந்தபோது, நீராவியைத் தனியாக வேறொரு கலத்தில் குளிரவைத்தால் உருளை எப்போதும் சூடாகவே இருக்கலாமே என்ற விடை வந்தது. 1769-இல் காப்புரிமை பெற்றார். பழுதுபார்ப்பு கேள்வியைக் கொடுத்தது, சோதனைகள் ஊறப்போட்டன, நடை விடையைக் கொடுத்தது. அந்த ஞாயிற்றுக்கிழமை நடையை மட்டும் எடுத்துச் சொல்பவர்கள் அதற்கு முன் போன மாதங்களை விட்டுவிடுகிறார்கள்.

எதைப் பிரிப்பது என்பதில் கவனம் வேண்டும். சாவி கொடுக்கும் கடிகாரம், குழாய், குடை, சைக்கிள், தையல் இயந்திரம், கதவுத் தாழ்ப்பாள் எல்லாம் நல்லவை; உள்ளே நடப்பது கண்ணுக்குத் தெரியும். மைக்ரோவேவ் அடுப்பையும் பழைய குழாய் டிவியையும் திறக்கவே கூடாது. இணைப்பைப் பிடுங்கிய பிறகும் அவற்றின் உள்ளே ஆளைக் கொல்லும் மின்சாரம் தேங்கியிருக்கலாம். லித்தியம் பேட்டரியைக் குத்தினால் தீப்பிடிக்கும், அதனால் போன், லேப்டாப் இவற்றையும் விட்டுவிடுங்கள். கழற்றும் வரிசையிலேயே திருகுகளை ஒரு தாளில் வைத்து பென்சிலால் வட்டம் போட்டு எழுதிக்கொண்டால் திரும்பப் பூட்டுவது எளிது. படம் எடுத்து வைத்துக்கொள்ளலாமே என்று போனை எடுத்தால், எடுத்தது படத்தோடு நிற்காது.

அப்படியென்றால் எதை எடுப்பது

கேள்வியும் இல்லை, ஆர்வமும் இல்லை என்றால் பழுது பார்ப்பது. கேள்வி இருக்கிறது, ஆனால் உங்கள் விடைகள் எல்லாம் ஒன்றுபோலவே இருக்கின்றன என்றால் மண், நூல், மடித்த தாள். பகுதிகள் தெரியும், பொருத்தம் தெரியவில்லை என்றால் அட்டை. விஷயம் குவிந்து கிடக்கிறது என்றால் சீட்டு. எல்லாம் செய்து பார்த்தாயிற்று, தலை சுற்றுகிறது என்றால் பாத்திரம் கழுவப் போங்கள், அல்லது நடங்கள்.

யாராவது ஒன்றே ஒன்றைச் சொல் என்று கேட்டால் அட்டையைச் சொல்வேன். அரை மணி நேரம் போதும், கற்றுக்கொள்ள எதுவும் இல்லை, யார் வீட்டிலும் இருக்கும். அதிலேயே பழகியவர்களுக்கு மட்டும் மண்.

பணம், நேரம் பற்றி அதிகம் கவலைப்பட வேண்டியதில்லை. கவனிக்க வேண்டியது வேறு. கருவி வாங்குவதே வேலையாகிவிடக் கூடாது. எப்படிச் செய்வது என்று வீடியோ பார்த்துத் தொடங்கினால், மாதிரிப் படத்தில் உறிஞ்சுகுழலைப் பார்த்தவர்களின் நிலைமைதான். முதல் முறை தெரியாமலே தொடங்குங்கள், கை எங்கே திணறுகிறது என்று தெரிந்த பிறகு பாருங்கள். செய்ததைப் படம் எடுத்து வெளியிடும் ஆசையையும் தள்ளி வையுங்கள். மற்றவர் பார்ப்பார்கள் என்ற நினைப்பு வந்ததும் கை தெரிந்த வழியையே பிடித்துக்கொள்கிறது. இதை நான் திரும்பத் திரும்பப் பார்த்திருக்கிறேன்.

ஏதாவது தோன்றினால் உடனே கம்ப்யூட்டருக்கு ஓட வேண்டாம். இரண்டு வரி தாளில் எழுதி வைத்துவிட்டு, கையிலிருக்கும் வேலையை ஒரு கட்டம்வரை முடியுங்கள். பெரும்பாலும் முதல் யோசனைக்குப் பின்னால் இன்னொன்று வரும், அது முதலாவதைவிட நன்றாக இருக்கும். இரண்டு மூன்று தடவை உட்கார்ந்தும் எதுவும் வரவில்லை என்றால் நேரத்தைக் கூட்டாதீர்கள், வகையை மாற்றுங்கள். அட்டை வெட்டிக்கொண்டிருந்தவர் களை பறிக்கப் போகட்டும். வாரக்கணக்கில் களை பறித்துக்கொண்டே விடைக்குக் காத்திருப்பவர் கத்தரிக்கோலை எடுக்கட்டும்.